பெயர் எழுதிய கிளாஸ்

மண்டபத்து யன்னல்களை எல்லாம் சாத்தி, மேலே கறுத்தச் சீலையும் தொங்கவிட்டிருந்தார்கள். வெளியே நல்ல பகல். உள்ளே கால் வைத்தபோது ஒன்றும் தெரியவில்லை. கண் பழகிய பிறகுதான் நீட்டு மேசை தெரிந்தது. மேசை நிறையக் கிளாஸ்களும் போத்தல்களும். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குட்டி மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. சிவப்பும் பச்சையும் நீலமுமாக வெளிச்சம் மேசைத் துணியில் விழுந்து ஆடியது.

வடிவாகத்தான் இருந்தது. அதை நான் மறைக்க மாட்டேன். மீன் வெட்டியும் வலை பொத்தியும் காய்த்துப்போன கைகளால் இப்படி ஒன்று வரும் என்று நாங்களே நினைத்திருக்கவில்லை.

மேசையின் நடுவில், எல்லாவற்றுக்கும் முன்னால், ஒரு கிளாஸ் இருந்தது. அதில் நீலக் கடல், ஒரு வள்ளம், வள்ளத்துக்குக் கீழே ‘சூசைதாசன்’ என்று பெயர். உள்ளே திரி எரிந்ததில் எழுத்துகள் ஒவ்வொன்றும் துலக்கமாகத் தெரிந்தன. அதற்கு முன்னால் பக்கத்து ஊரான தாழ்வுபாட்டில் இருந்து வந்த செசிலியா மாமி முழந்தாளிட்டு, கண்ணை மூடி, மரித்தவர்களுக்குச் சொல்லும் செபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சூசைதாசன் என் அண்ணன். அவன் செத்துவிட்டான் என்று எங்கள் வீட்டுக்குள் அதுவரை யாரும் உரத்துச் சொன்னதில்லை.

சந்தோசமாக எழுதச் சொன்ன வாசகி

மடு மாதா கோயிலில் அகதிகளாக இருந்த காலத்தைப் பற்றிப் போன கிழமை இந்த வாராந்தத் தொடரில் எழுதியிருந்தேன். அதை வாசித்துவிட்டு ஒரு வாசகி என்னோடு சண்டைக்கே வந்துவிட்டார். உங்கள் தொடரில் எப்போதும் யாராவது அழுதுகொண்டே இருக்கிறார்கள், ஒரு கிழமையாவது நல்லதாக எழுதக்கூடாதா என்று கேட்டார். நியாயமான கேள்வி. சரி, கைவேலை பற்றி எழுதுவோம், கண்ணாடியில் பூப் போடப் பழகிய கதையை எழுதுவோம் என்றுதான் பேனையை எடுத்தேன். எடுத்த இடத்தில் செசிலியா மாமி முழந்தாளில் நிற்கிறார். நான் என்ன செய்ய?

அப்போது நாட்டில் சண்டை ஓய்ந்து கொஞ்சக் காலம் ஆகியிருந்தது. எங்கள் பள்ளிமுனைக் கோயிலடி மண்டபத்தில் பெண்களுக்குக் கைவேலை வகுப்பு வைக்கப் போகிறார்கள் என்று பூசை முடிவில் அறிவித்தார்கள். அந்த நாட்களில் எங்களுக்கு வகுப்புகளுக்குக் குறைவில்லை. கோழி வளர்க்கப் படிப்பித்தார்கள், காளான் வளர்க்கப் படிப்பித்தார்கள், மனதை அமைதிப்படுத்த மூச்சு விடவும் படிப்பித்தார்கள். இது கண்ணாடியில் நிறம் தீட்டும் வகுப்பு. வீட்டில் கிடக்கும் கிளாஸ், ஜாம் போத்தல், மூடி தொலைந்த சாடி, எதையாவது கொண்டு வந்தால் போதும் என்றார்கள்.

மச்சாள் போகவேண்டும் என்றாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அண்ணன் பெண்சாதி மெற்றில்டா கோயிலுக்கும் கிணற்றடிக்கும் தவிர வேறெங்கும் போவதில்லை. போனால் நாலு பேர் நாலு விதமாக அவனைப் பற்றிக் கேட்பார்கள்.

“நீயும் வா றீற்றா. தனியப் போக எனக்கு ஒரு மாதிரி.”

“எனக்குக் கோடு கீறவே வராது மச்சாள்.”

“வராட்டில் பழகு. வீட்டில இருந்து என்னத்தைச் செய்யிறாய்?”

நான் தபாற்கந்தோர் வேலையில் இருந்து இளைப்பாறி வீட்டில் இருந்த காலம். ஆகவே ஒரு ஜாம் போத்தலைக் கழுவி எடுத்துக்கொண்டு கூடப் போனேன்.

உப்பும் நிறமும்

படிப்பிக்க வந்தவர் கொழும்புப் பிள்ளை. பெயர் நிரோஷினி. எங்களில் பாதிப் பேருக்கு மகள் வயது, ஆனாலும் எல்லோரும் ‘மிஸ்’ என்றுதான் கூப்பிட்டோம். பொறுமைசாலி. அந்தப் பொறுமைக்கு நாங்கள் நல்ல வேலை கொடுத்தோம்.

முதலில் கறுப்புப் பசை உள்ள ரியூப்பை நசித்துக் கோடு போடவேண்டும். பல்லிக் குஞ்சின் வால் அளவுக்கு மெல்லிய கோடு. அது காய்ந்ததும் கோட்டுக்குள்ளே நிறத்தை நிரப்பவேண்டும். கோட்டில் எங்காவது இடைவெளி விட்டிருந்தால் அதால் நிறம் ஒழுகிவிடும். என் ரோசாப்பூ ஒழுகியும் வீங்கியும் கடைசியில் நண்டாக முடிந்தது. மச்சாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“கால் எத்தினை வச்சிருக்கிறாய்?” என்று கேட்டாள்.

அவள் பகிடி விட்டு நான் கேட்டு வருசக்கணக்காகி இருந்தது. அதற்காகவே இன்னும் நாலு நண்டு கீறலாம் போல் இருந்தது.

முதற்கிழமை தீட்டியது ஒன்றும் நிற்கவில்லை. மறு வகுப்புக்கு வந்து பார்த்தால் நிறம் முழுவதும் தோல் தோலாக உரிந்து கிடந்தது. மிஸ்ஸுக்கும் காரணம் பிடிபடவில்லை. கடைசியில் வெறுங் கிளாஸ் ஒன்றை விரலால் தடவி நாக்கில் வைத்துப் பார்த்தவர், “ஐயோ, உப்பு!” என்று சிரித்துவிட்டார். எங்கள் கரையில் எதைத் துடைத்து வைத்தாலும் மத்தியானத்துக்குள் உப்புப் படிந்துவிடும். பிறகு சமையல் வினாகிரியால் துடைத்து, ஈரம் காய்ந்த கையோடு தீட்டத் தொடங்கினோம். நிறம் பிடித்தது.

தீட்டியதைச் சூட்டில் வைத்து எடுத்தால் கழுவினாலும் போகாது. பட்டினத்துப் பேக்கரிக்காரர் பாண் இறக்கிய பிறகு தன் போறணை அடுப்பைத் தந்தார். போறணை ஆறிய பிறகு பாத்திரத்தை உள்ளே வைத்து மெல்ல மெல்லச் சூடாக்கவேண்டும். எங்கள் ஆட்கள் பாண் வைக்கிற மாதிரி நேரே சூட்டுக்குள் தள்ளிவிட, படீர் படீர் என்று வெடித்தது. வெடிச்சத்தம் கேட்டதும் வரிசையில் நின்ற பெண்கள் பலர் நிலத்தில் குந்திவிட்டார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். பேக்கரிக்காரர் சிரிக்கவில்லை.

மண்ணுக்குள் கிடந்த கிளாஸ்

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னே போகவேண்டும்.

எங்கள் ஊர்ப் பக்க வீடுகளில் கண்ணாடி அலுமாரி ஒன்று கட்டாயம் இருந்தது. கலியாணத்துக்கு வந்த கிளாஸ் செற்றுகள் அதற்குள் இருக்கும். யாரும் அதில் குடிப்பதில்லை. கோயில் சுவாமியார் வீடு மந்திரித்து ஆசீர்வதிக்க வந்தால் ஒன்று வெளியே வரும், அவர் போனதும் கழுவித் துடைத்து உள்ளே போய்விடும். நாங்கள் தகரப் பேணியில் குடிப்போம்.

மடுவுக்கு ஓடியபோது அம்மா அந்தச் செற்றைப் பழஞ்சீலையில் சுற்றி வளவுக்குள் புதைத்தாள். திரும்பி வந்து தோண்டினால் ஒன்றும் இல்லை. எவரோ எங்களுக்கு முந்திவிட்டார்கள். அண்ணன் மட்டும் விடவில்லை. வளவு முழுக்கக் கிண்டி, அடி தடித்த கிளாஸ் ஒன்றைக் கண்டெடுத்து வந்தான்.

“கடலில வலை போட்டு ஒண்டும் படேல்லை. மண்ணில போட்டன், இது பட்டுது” என்றான்.

அன்றிலிருந்து அது அவனுடைய கிளாஸ். விடியக் கடலுக்குப் போகமுன் அதில்தான் பால் விடாத பிளேன்ரீ குடிப்பான். வேறெதிலும் ஊற்றிக் கொடுத்தால் குடிக்கமாட்டான். கலியாணம் முடித்து மச்சாள் வந்த பிறகு அவள்தான் ஊற்றிக் கொடுப்பாள்.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதற்குக் காலமும் கிடைக்கவில்லை. ஒருநாள் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. வள்ளம் மட்டும் பிறகு கரை ஒதுங்கியது. கடல் கொண்டதா, ஆட்கள் கொண்டுபோனார்களா, இன்றுவரை தெரியாது. போகாத கந்தோர் இல்லை, நிற்காத வாசல் இல்லை. ஒரு கந்தோரில் மரணச் சான்றிதழ் எடுத்தால் எல்லா அலுவலும் சுகம் என்று நல்லவிதமாகத்தான் சொன்னார்கள். மச்சாள் கதிரையை விட்டு எழும்பி வந்துவிட்டாள். தாலியைக் கழற்றவில்லை, நிறச்சீலையை விடவில்லை. வீட்டில் யாரும் அழவும் கூடாது.

“உயிரோட இருக்கிற மனுசனுக்கு ஆராவது அழுவினமோ?” என்று கேட்பாள்.

அம்மா அதற்குக் கட்டுப்பட்டுத்தான் இருந்தாள். பெற்றவள், ஆனாலும் மருமகளுக்கு முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. நான் கந்தோருக்குப் புறப்படும்போது வாசற்படலை வரைக்கும் வந்து, “அவன் இல்லையடி பிள்ளை, எனக்குத் தெரியும்” என்று மெல்லச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போவாள். பிறகு அவளுக்குக் கண் பார்வையும் மங்கி, கடைசியில் வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் தெரிந்தது. அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த எனக்கு மூச்சு முட்டும்.

வகுப்பு முடிவில் கண்காட்சி வைப்போம், ஆளுக்கொரு நல்ல வேலை செய்யுங்கள் என்றார் மிஸ். சிலர் மாதா படம் போட்டார்கள், சிலர் மயில், சிலர் ‘நல்வரவு’. மச்சாள் அலுமாரியைத் திறந்து அண்ணனின் கிளாஸை எடுத்தாள்.

“மிஸ், இதில தேத்தண்ணி குடிக்கலாமோ?”

“விளிம்புல பெயின்ற் படாம ரெண்டு விரல் இடம் விட்டுட்டீங்கன்னா குடிக்கலாம் அக்கா.”

அவள் இரண்டு விரலுக்கு மூன்று விரலாக இடம் விட்டாள். கோடு கோணிவிடாமல் மூச்சை அடக்கிக்கொண்டு போட்டாள். கடல், வள்ளம், கடைசியாகப் பெயர். போறணைக்குக் கொடுக்கவில்லை, வெடித்துவிடும் என்று பயம். சீலைத் துண்டால் மூடி அலுமாரிக்கு மேலே வைத்து, கிழமைக்கணக்காகத் தானாகவே காயவிட்டாள். பிறகு கண்காட்சி மேசையில் கொண்டுபோய் வைத்தாள். மெழுகுதிரியைப் பற்றி யாரும் பேசவில்லை. அது மிஸ்ஸுக்குக் கடைசி நேரத்தில் வந்த யோசனை.

கார்த்திகை மாதத்து மண்டபம்

மரித்தவர்களுக்காகக் கல்லறையில் திரி ஏற்றும் ஆத்துமாக்களின் திருநாள் முடிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. எங்கள் சேமக்காலை கடலோரம். வாடைக்காற்றுப் பிறந்தால் கல்லறையில் மெழுகுதிரி நிற்காது. ஆகவே கண்ணாடிப் போத்தலுக்குள் திரியை வைப்போம். ஒருவர் வைத்தது இன்னொருவர் கல்லறைக்கு மாறிப் போகாமல் இருக்க, போத்தலில் செத்தவரின் பெயரைப் பெயின்ற்றால் எழுதிவிடுவோம். கண்ணாடி, அதில் பெயர், உள்ளே திரி. எங்கள் கரையில் இந்த மூன்றும் ஒன்றாக வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

கொழும்புப் பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? வெளிச்சம் பட்டால் வடிவு என்று எல்லாவற்றுக்குள்ளும் திரி ஏற்றியிருந்தார். மயிலுக்கும் மாதாவுக்கும் ‘நல்வரவு’க்கும் ஒன்றும் ஆகவில்லை. பெயர் எழுதியிருந்தது ஒரே ஒரு கிளாஸில்தான்.

செசிலியா மாமி செபத்தை முடித்து எழும்பி, எனக்குப் பக்கத்தில் நின்ற மச்சாளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இப்பவெண்டாலும் ஒரு முடிவு தெரிஞ்சுதே பிள்ளை. எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லி விட்டிருக்கலாமே.”

“என்ன முடிவு மாமி?”

மாமி திரும்பிக் கிளாஸைப் பார்த்தார். மச்சாளும் அப்போதுதான் பார்த்தாள். நான் அவளைப் பிடிக்கமுன் மேசையடிக்குப் போய், திரியை ஊதி அணைத்து, சூடேறியிருந்த கிளாஸைச் சீலைத் தலைப்பால் பிடித்துத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தாள். மிஸ் பின்னால் ஓடி வந்தார்.

“அழகா இருக்குமேன்னுதான் வச்சேன் அக்கா. என்ன தப்புப் பண்ணினேன்?”

மச்சாள் நிற்கவில்லை. மிஸ்ஸுக்கு நான் விளங்கப்படுத்தினேன். அந்தப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு வாசற்படியில் இருந்துவிட்டது. அதன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

அதற்குள் நாலைந்து பேர் அந்தக் கிளாஸைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

கேத்தில்

பொழுது சாயமுன் வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வெள்ளைச் சீலையோடு வந்தார்கள். முதலில் பக்கத்து வளவு, பிறகு அடுத்த ஒழுங்கை, பிறகு தாழ்வுபாட்டில் இருந்து சைக்கிளில். நான் படலையில் நின்று, “அப்படி ஒண்டும் இல்லை, பிழையா விளங்கிப்போட்டியள்” என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அழும் ஆளிடம் எதைச் சொல்வது? அண்ணனுக்காக அழ அவர்களும் இத்தனை காலம் காத்திருந்திருக்கிறார்கள் என்று அன்றுதான் எனக்கு விளங்கியது.

பக்கத்து வீட்டு அக்கா ஒரு பெரிய கேத்திலில் தேத்தண்ணியும் ஒரு பை பாணும் கொண்டு வந்தார். அதைக் கண்டதும் மச்சாளின் முகம் மாறிவிட்டது. எங்களிடையே செத்த வீட்டில்தான் அடுப்பு மூட்டமாட்டார்கள். அயலவர்தான் தேத்தண்ணியும் சாப்பாடும் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

“இதைத் திருப்பிக் கொண்டு போங்கோ அக்கா. இது செத்த வீடில்லை. ஒருத்தரும் அழவேண்டாம். வந்தனியள் இருங்கோ, நானே தேத்தண்ணி போட்டுத் தாறன்.”

சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய் அடுப்பை மூட்டினாள். ஈர விறகு. புகை வீடு முழுக்கப் பரவியது. முற்றத்தில் அழுதுகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். தண்ணீர்ப் பானையை அடுப்பில் வைக்கும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

அம்மா அதுவரைக்கும் கதிரையில் இருந்தாள். ஆட்கள் ஏன் வந்திருக்கிறார்கள் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. இப்போது எழும்பி, சுவரைத் தடவித் தடவிக் குசினி வாசல் வரைக்கும் போனாள். நான் கையைப் பிடிக்கப் போக, வேண்டாம் என்று தட்டிவிட்டாள்.

“பிள்ளை” என்றாள்.

“என்ன மாமி?”

“நீ அவனைப் பாத்திரு. நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. அவன் வந்தால் நீதான் முதல்ல காணவேணும். ஆனா எனக்குக் கண்ணும் போட்டுது, காலமும் முடியுது. பெத்த பிள்ளைக்கு ஒருக்கா அழாமல் என்னால சாகேலாது. சனம் எல்லாம் வந்திருக்குது. இண்டைக்கு ஒரு நாளைக்கு மட்டும் இந்த அடுப்பு நெருப்பை நூத்து விடு.”

மச்சாள் அடுப்படியில் குந்தியிருந்தாள். அம்மாவையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. தண்ணீர் கொதிக்கத் தொடங்கியிருந்தது. அவள் மாட்டாள் என்றுதான் நான் நினைத்தேன்.

பிடிதுணியால் பானையைத் தூக்கி, கொதித்த தண்ணீர் அவ்வளவையும் அடுப்புக்குள் ஊற்றினாள். சாம்பல் எழும்பி அவள் தலையெல்லாம் படிந்தது. பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பின் வாசலால் இறங்கிக் கடற்கரைப் பக்கம் போய்விட்டாள்.

அம்மா வாசலிலேயே நிலத்தில் இருந்து, “என்ர ராசா” என்று தொடங்கினாள். அவளுக்குள் அவ்வளவு குரல் இருந்தது எனக்குத் தெரியாது. நானும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், அந்த அழுகை எனக்கு வேண்டியிருந்தது.

சனம் கலைந்த பிறகு மச்சாள் வந்தாள். நனைந்த சாம்பலை அள்ளிக் கொட்டி, காய்ந்த விறகு வைத்து அடுப்பை மூட்டிக் கஞ்சி காய்ச்சினாள். அம்மாவுக்கு அவள்தான் கரண்டியால் ஊட்டிவிட்டாள்.

ஞாயிறு

சனிக்கிழமை மச்சாள் கோயிலுக்குப் புறப்பட்டாள். அண்ணன் காணாமற்போன நாளில் இருந்து மாதம் தவறாமல் அவன் சுகத்துக்காகப் பூசை ஒப்புக்கொடுப்பது அவள் வழக்கம். படலையடியில் அம்மா கூப்பிட்டாள்.

“பிள்ளை, என்ர பேரில ஒரு பூசை. அவன்ர ஆத்தும இளைப்பாற்றிக்கு. சொல்லிவிடுவியே?”

நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். மச்சாள் படலையைப் பிடித்தபடி திரும்பினாள்.

“ஓம் மாமி. சொல்லிவிடுறன்” என்றாள்.

கூடப் போனேன். கோயில் அறையில் பெயர்களைப் பதியும் உபதேசியார் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“ஒரே ஆளின்ர பேரை ரெண்டு பக்கமும் சொல்லுறியளே தங்கச்சி?”

“ஓம். ரெண்டு பக்கமும் போடுங்கோ.”

எங்கள் கோயிலில் மன்றாட்டு நேரத்தில் முதலில் உயிரோடிருப்பவர்களின் பெயரையும், பிறகு மரித்தவர்களின் பெயரையும் வாசிப்பார்கள். ஒவ்வொரு பெயருக்கும் சனம் எல்லாம் சேர்ந்து, ‘எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்’ என்று பதில் சொல்லும். அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூவரும் ஒரே மர வாங்கில் இருந்தோம். அம்மாவின் கை மச்சாளின் மடியில் இருந்தது.

உயிரோடிருப்பவர்களில் சூசைதாசனை வாசித்தார் சுவாமியார். மரித்தவர்களுக்கு வந்ததும் ஓரிடத்தில் குரல் தட்டுப்பட்டு நின்றது. நிமிர்ந்து எங்கள் வாங்கைப் பார்த்தார். பிறகு அதே பெயரை மறுபடி வாசித்தார்.

அந்த இரண்டாவது பெயருக்கு மச்சாள் வாய் திறக்கவில்லை. ஆனால் முதலாவதற்கு, சூசைதாசன் சுகமாகத் திரும்பி வரவேண்டும் என்று வாசித்தபோது, அந்தக் கோயிலில் எல்லோரையும் விட உரத்துப் பதில் சொன்னது என் அம்மாதான்.